பாரசீகர் சட்டியில் நரிக்குடி அரிசி

பகல் ஒன்று இருபதுக்கு எங்கள் குடும்பத்தின் மானம் போக ஆரம்பித்தது. மணி எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாரசீகர் கடைச் சுவரில் அவர் பம்பாயிலிருந்து கொண்டுவந்த பெரிய கடிகாரம் ஒன்று தொங்கியது. பெண்களுக்கென்று திரை போட்ட தடுப்புக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். திரைச் சந்து வழியே பார்த்தால் கடிகாரமும், அதற்கு நேர் கீழே நரிக்குடிக்காரரின் தலைப்பாகையும் தெரிந்தன. பெரிய முள் நாலில் நின்றபோது பாரசீகர் இரண்டு கையாலும் ஒரு தட்டை ஏந்தி வந்து, தலையைத் தாழ்த்தி, நரிக்குடிக்காரர் முன்னால் வைத்தார். தட்டில் இருந்தது சோற்றுச் சட்டியின் அடியில் பிடித்த காந்தல். நரிக்குடிக்காரர் என் அக்காவைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர்.

மானம் என்று எழுதிவிட்டேன். அப்பாவும் சித்தப்பாவும் அந்த வருஷம் முழுக்க அந்தச் சொல்லை மென்றுகொண்டே இருந்தார்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது, எதைத் தின்றால் கரைகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீடுகளிலும் பெண்கள் வளர்ந்து நிற்கிறார்கள். போன மாதம் என் மகளைப் பார்க்க வந்தார்கள். வைத்த பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. பேச்சு முடியட்டும், அப்புறம் கை நனைக்கிறோம் என்றார் பையனின் அப்பா. கலர் மட்டும் குடித்தார்கள். அதிலும் உதடு படாமல் குழல் போட்டு உறிஞ்சினார்கள். என் வீட்டுக்காரர், பழக்கம் விடாத மனிதர்கள் என்று பெருமையாகச் சிரித்தார். நான் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மகளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைக்கிறேன். அவள் தலை வாரிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறாள். நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கை நனைப்பது என்றால் தெரியாத இளசுகள் யாராவது இதைப் படிக்கலாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். பேச்சு முடிகிறவரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொட மாட்டார்கள். நாலு பஸ் மாறி, புழுதி தின்று வந்திருந்தாலும் சரி, பசி மயக்கத்தில் கண் இருட்டினாலும் சரி, தொட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பிறகு மாற முடியாது. ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் ஒரு கவளத்தில் உருட்டி விழுங்கிவிடுகிற ஏற்பாடு. அந்தக் கவளத்தில் பெண்ணின் வாய்க்கு மட்டும் வேலை கிடையாது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எங்கள் சீமையில் அரிசி எப்போதுமே அதிசயம்தான். கம்பும் குதிரைவாலியும் சோளமும் தின்று வளர்ந்த மண். ஆனால் அப்பா பஞ்சு கமிஷன் கடையில் தரகராகி, வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்த பிறகு, கம்பு எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போட்டார்கள். அருப்புக்கோட்டையில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. தின்னத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அம்மா உரலில் குத்திப் பார்த்தாள், கூழ் காய்ச்சிப் பார்த்தாள். பசை வந்தது. தெருவில் பாதிப் பேர் கோழிக்குப் போட்டார்கள். அந்த வருஷம் எங்கள் தெருக் கோழிகள் கொழுத்தன. மனுஷர்கள் இளைத்தார்கள்.

அப்போதுதான் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, எங்கள் தெரு முனையில், பருத்தி மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றில் பாரசீகர் சாப்பாட்டுக் கடை போட்டார். சிங்கத்தின் முதுகில் சூரியன் உதிக்கிற மாதிரி போர்டு எழுதச் சொன்னாராம். எங்கள் ஊர் பெயிண்டர் சிங்கத்தை எங்கே கண்டார்? தேங்காய் சுமக்கிற நாயை எழுதிக் கொடுத்தார். பாரசீகர் அதையே மாட்டிக்கொண்டார்.

எதற்காக இந்த வறண்ட ஊருக்கு வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை. ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு ஓடிவந்தவர் என்றார்கள். உளவாளி என்றார்கள். கூட்டாளி ஏமாற்றிவிட்டான் என்றார்கள். அவரையே கேட்டவர் யாருமில்லை. நேராகக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் மரியாதை. வீரசோழனிலிருந்து சரக்கு எடுக்க வருகிற முஸ்லிம் வியாபாரிகள், அவுக எங்க ஆளு இல்லை என்று ஒதுங்கினார்கள். எங்கள் ஆட்கள், அவர் நெருப்பைக் கும்பிடுகிறவர் என்று கேலி பேசிவிட்டு வீட்டுக்குப் போய் விளக்கைக் கும்பிட்டார்கள். எல்லாரும் ஒதுங்கினார்கள். எல்லாரும் சாயங்காலமானால் கிட்டங்கியின் பின்வாசல் வழியாகப் போய் ஆட்டுக்கறி தின்றார்கள்.

உள்ளே வட்ட வட்டமாகப் பளிங்கு மேசைகள். வளைந்த கால் வைத்த கறுப்பு நாற்காலிகள். கன்னத்தை வைத்தால் அந்தப் பளிங்கு வெயில் காலத்திலும் கிணற்றுக் கல் போலச் சில்லென்றிருக்கும். அழகான பித்தளைக் கெண்டி ஒன்று, நீண்ட மூக்கோடு. அதற்கு இணையாக ஒரு தாம்பாளம். பாரசீகர் சாப்பிட வந்தவர் பக்கத்தில் வந்து நின்று, கெண்டியைச் சாய்த்துக் கையில் தண்ணீர் வார்ப்பார். பிறகு அந்தக் கெண்டி யார் வீட்டுக்குப் போயிற்றோ. கடை ஒரு வருஷம்கூட ஓடவில்லை.

சமையற்கட்டில் தரைக்குள் பதித்த மண் அடுப்பு. தெருவில் அதைச் சூளை என்றுதான் சொல்வோம். பாரசீகரின் மனைவி மாவை வட்டமாக வீசி, சூளையின் உள்சுவரில் அறைவாள். கண் மூடித் திறப்பதற்குள் ரொட்டி உப்பிக் கையில் வரும். ரேஷன் கோதுமைக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். அம்மா கோதுமையைத் திரித்து என்னிடமும் அக்காவிடமும் கொடுத்தனுப்புவாள். முன்வாசல் வழியாக எங்கள் வீட்டு ஆண்கள் போவதில்லை; பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுப் பெண்கள் போகக் கூடாது. ஆகவே நாங்கள் பக்கத்துச் சந்து வழியாகப் போனோம்.

பாரசீகரின் மனைவி நெட்டையானவள். தலையில் வெள்ளைத் துணி. எங்கள் தெருப் பெண்களிடமே தமிழ் கற்றவள். வசவெல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், மரியாதை மட்டும் பிடிபடவில்லை. தாசில்தாரானாலும் தயிர் விற்கிறவளானாலும் நீதான். அக்கா சூளைப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்புக்கரியால் தரையில் எழுத்துப் போட்டு அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுப்பாள். எனக்கு அங்கே வேறு வேலை. அவர்கள் சோறு வடிப்பதில்லை. சட்டியின் அடியில் நெய் ஊற்றி, மெல்லிய தீயில் புழுங்க விடுவார்கள். கடைசியில் அடியில் பொன்னிறமாக ஒரு பொருக்கு உட்காரும். கடித்தால் முறுக்கு மாதிரி நொறுங்கும். அதுதான் அவர்களுக்குச் சோற்றிலேயே பெரிய பொருள். வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்குத்தான் அதை வைப்பார்களாம். பாரசீகரின் மனைவி எனக்கு ஒரு துண்டு பெயர்த்துக் கொடுத்துவிட்டு, "நீ பெரிய ஆளு, தின்னு" என்பாள்.

எங்கள் வீட்டில் காந்தல் பெண்களுக்குரியது. ஆண்கள் வெண்சோறு தின்று எழுந்த பிறகு, அம்மா கரண்டியால் சுரண்டி எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றித் தானும் தின்று எங்களுக்கும் போடுவாள். விருந்தாளி இலையில் காந்தல் விழுந்தால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம்.

இப்போது சித்தப்பா. யுத்தத்தில் பாஸ்ரா வரை போய் வந்தவர். பட்டாளத்துக் கிடங்கில் மூட்டை காவல் பார்த்தார். அந்த ஊர் பாரசீகத்திலேயே இல்லை என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் வரைபடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதுவரை அவர் சொன்னதே பூகோளம். பாரசீகனுடைய நாடி தனக்குத்தான் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லுவார். கடைக்குப் போனால் பட்டாளத்து இந்துஸ்தானியில் ஏதோ அதட்டுவார். பாரசீகர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிவார். அது பாரசீக நாட்டுக்காரர்கள் எல்லாரிடமும் காட்டுகிற பணிவு. சித்தப்பா அதைத் தனக்கு அடித்த சலாம் என்று எடுத்துக்கொண்டார்.

நரிக்குடிச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைகிற வீடு. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற அப்பாவுக்கு அது போதும். மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; நிலம் இருந்தது. ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி, ஒரு வருஷத்தில் அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தான். ஏன் அனுப்பினான் என்று அப்பா கேட்கவில்லை. "அதெல்லாம் கேட்டா நல்லாவா இருக்கும்" என்றார். அக்கா எட்டாவது தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு இடமும் வாங்கியிருந்தாள். அவளிடமும் கேட்கவில்லை. பெண்ணுக்கு நெல்லுச்சோறு கிடைக்கிறதே என்று அம்மாவிடம் சொன்னார். அவர் குரலில் அப்போது கனிவுகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல்.

சித்தப்பாவின் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது இப்படித்தான். வருகிறவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். உச்சி வெயிலில் பட்டினியாக அனுப்பினால் நமக்கு அழகில்லை. ஆகவே பாரசீகன் கடையில் வைத்துப் பெண்ணைக் காட்டுவோம், சோறும் போடுவோம். வீடில்லை, கடைதான் என்று அவர்கள் நினைத்துத் தின்பார்கள். தின்ற பிறகு நம் சோறு தின்றவர்கள்தானே. எங்கே போவார்கள்? "எலிக்குக் கருவாடு வைக்கிற மாதிரிண்ணே" என்றார் சித்தப்பா. அப்பா யோசித்தார். தன் மகள்தான் அந்தப் பொறி என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

நரிக்குடிக்காரர் மட்டும் இளைத்தவரா? கடை என்று கேள்விப்பட்டதும் தன் வயல் அரிசியைத் துண்டில் முடிந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கெடுபிடி இருந்த நாட்கள். வந்ததும் வராததுமாக முடிச்சைப் பளிங்கு மேசைமேல் அவிழ்த்துக் காட்டினார். "நமக்கு ரேஷன் அரிசி தொண்டையில இறங்காது அண்ணாச்சி. இதப் போட்டு ஆக்கச் சொல்லுங்க" என்றார். அப்பா அந்த அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். மேசையைச் சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் ஒரு முறை முகர்ந்தார்கள். மூலையில் நின்ற அக்காவை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

பெண்களைத் தடுப்புக்குள் உட்கார வைத்தார்கள். அம்மா, அக்கா, நான், மாப்பிள்ளையின் தாயார். பெண் எட்டாவது படித்தவளா என்று அந்த அம்மாள் விசாரித்தாள். படித்த பிள்ளைகள் எதிர்த்துப் பேசுமே என்று இழுத்தாள். அம்மா அவசரமாக, "இவ வாயே தொறக்க மாட்டா மதினி" என்றாள்.

வெளியே பாரசீகர் கெண்டியைச் சாய்த்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் வார்த்தார். சித்தப்பா அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார். சாப்பாடு வந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்ற வெள்ளைச் சோறு, அதன் உச்சியில் உருகுகிற வெண்ணெய், கம்பியில் கோத்துச் சுட்ட கறி, பச்சை வெங்காயம், புதினா மிதக்கிற மோர். திரைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் வைத்தார்கள். நான் தின்றேன். ஒன்பது வயதில் அதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஆண்கள் தின்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நரிக்குடிக்காரர் இரண்டாம் முறை வாங்கினார். மாப்பிள்ளை மூன்றாம் முறை வாங்கினான். கறியை இழுக்கிற சத்தம், எலும்பை உடைக்கிற சத்தம், அரிசி யாருடையது என்று நரிக்குடிக்காரர் ஒவ்வொரு கவளத்துக்கும் நினைவூட்டுகிற சத்தம்.

அப்போது திரையின் அந்தப் பக்கம் ஒரு கை வந்தது. மாப்பிள்ளை கையைத் திரையில் துடைத்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் துடைத்தானா, தெரியாமல் துடைத்தானா, அது எனக்கு இன்றும் தெரியாது. ஐந்து விரலும் நெய்யோடு வெள்ளைத் துணியில் பதிந்தன, அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால். மாப்பிள்ளையின் தாயார் அதைப் பார்த்துச் சிரித்தாள், "வெள்ளந்திப் பிள்ள" என்றாள். அக்கா தண்ணீர் வேண்டும் என்று எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. சூளைப் புகை என்றாள். அவள் தட்டில் சோறு வைத்தபடியே இருந்தது. அவள் ஒரு பருக்கையும் தொடவில்லை. அதை நான் என் தட்டில் கொட்டிக்கொண்டேன். மற்றவர் கவனம் வெளியே போயிருந்தது.

ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பெரிய முள் நாலுக்கு வந்தது. பாரசீகர் சட்டியைக் கவிழ்த்து, பொருக்கை உடையாமல் எடுத்து, வந்தவர்களில் மூத்தவர் என்று நரிக்குடிக்காரர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

நரிக்குடிக்காரர் தட்டைப் பார்த்தார். "என் அரிசியக் கருக்கி என் முன்னாலயே வைக்கிறியா?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பாரசீகருக்குப் புரியவில்லை, பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் குனிந்தார். நரிக்குடிக்காரர் தட்டைத் தள்ளினார். அது பளிங்கின் மேல் வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்து, காந்தல் நாலு பக்கமும் தெறித்தது.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அந்த நாட்டு வழக்கம் ஏதாவதா என்று கேட்டார். பாஸ்ராவில் இருந்த மனிதர், பாரசீகனின் நாடி தெரிந்த மனிதர், ஒரு கணம் முழித்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அங்கிட்டே இருந்தவண்ணே நான். இப்படி ஒரு வழக்கத்தக் கண்டதே இல்ல. எல்லாம் திமிரு" என்றார்.

நான் உள்ளேயிருந்து, அது பெரிய ஆளுக்கு வைக்கிறது என்று கத்தினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கன்றிப்போனது. வெளியே யாராவது காதில் வாங்கினார்களா என்றால், இல்லை. நானும் அக்காவும் அந்த அடுப்படியில் எத்தனையோ நாள் உட்கார்ந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான், அதனாலேயே எங்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

நரிக்குடிக்காரர்கள் கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினார்கள்.

இத்தோடு முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். பெரியவர்களை எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது. அடுத்த சந்தை நாளில் பஞ்சு கமிஷன் கடையில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடினார்கள். கை நனைத்தாயிற்று, இனி சம்பந்தத்திலிருந்து விலக முடியாது என்றார் அப்பா. கடையில் தின்றது பெண் வீட்டில் தின்றதாகாது என்றார் நரிக்குடிக்காரர். கடை எங்கள் தெருவில் இருக்கிறது என்றார் சித்தப்பா. அரிசி என்னுடையது, என் சோற்றை நான் தின்றேன் என்றார் அவர். அப்படியென்றால் கறி யார் வீட்டுக் கறி என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். கறியைத் தொட்டுக்கொண்டு தின்றால் சோறும் கறி வாங்கியவருடையதாகுமா என்று அந்தப் பக்கத்துப் பெரியவர் திருப்பிக் கேட்டார். காந்தல் சோற்றுக் கணக்கில் சேருமா சேராதா என்று ஒருவர் ஆரம்பித்தார். பஞ்சு மூட்டைகள்மேல் சாய்ந்துகொண்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, மீசை நரைத்த மனிதர்கள் பொழுது சாய்கிறவரை இதைப் பேசினார்கள். திரித்த மாவை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போன நானும் அக்காவும் வாசலில் நின்று கேட்டோம். அக்காவின் பேச்சு அதில் எங்கேயும் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்த இறுக்கம் எனக்கு இன்னும் விரல்களில் இருக்கிறது.

கடைசியில் நரிக்குடிக்காரரே இறங்கி வந்தார். பெரிய மனசு என்று எல்லாரும் மெச்சினார்கள். முதல் மருமகளைத் துரத்திய வீட்டுக்கு இன்னொரு பெண் கிடைப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். வளர்பிறையில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வருவார். பாரசீகன் அங்கே வந்து, எல்லார் முன்னாலும், தெரியாமல் செய்துவிட்டேன் என்று காலில் விழ வேண்டும். விழுந்த கையோடு அவர் எங்கள் வீட்டில் கை நனைப்பார். அத்தோடு பெண் அவர்கள் வீட்டுப் பெண்.

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். விழப்போவது பாரசீகரின் தலை, அவருக்கென்ன? சித்தப்பா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கள்ளத்தனமாக அரிசி ஆக்கினான் என்று ரேஷன் அதிகாரியிடம் சொல்லுவேன் என்று மிரட்டியதாக வந்து பெருமையடித்தார். அந்த அரிசி யார் மடியில் வந்தது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பாரசீகன் வருவான் என்றார்.

அந்த இரவுகளில் அக்காவுக்கு ஒரே வேலைதான். பயிற்சிப் பள்ளிக்கென்று அம்மா தைத்துக்கொடுத்த இரண்டு ரவிக்கைகளை மடித்து, பெட்டியின் அடியில் வைத்தாள். பிறகு அவற்றை எடுத்து மறுபடியும் மடித்தாள். இன்று எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அவளிடம் ஆனா ஆவன்னா படித்தவர்கள் பேரப்பிள்ளை எடுக்கிற வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கல்யாணம் என்று ஒன்று அவள் செய்துகொள்ளவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாளா என்று என் வீட்டுக்காரர் அவ்வப்போது உச்சுக் கொட்டுவார். எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. இந்தக் குடும்பத்து ரத்தம்தானே எனக்கும்.

குறித்த நாள் வந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து நரிக்குடிக்காரர், அவர் மனைவி, மகன், இரு பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடு இடத்தைப் பாரசீகர் விழுவதற்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அக்காவை அம்மாவின் பட்டில் சுற்றி உள்ளறைக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். அம்மா அடுப்படியில், அவர்கள் இந்தத் தடவையும் கொண்டுவந்த நரிக்குடி அரிசியை வடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் சமைத்த கை, அன்றைக்குப் பார்த்துத் தீயைக் கவனிக்காமல் விட்டது. அடி பிடித்துவிட்டது. காந்தல் வாசனை கூடம் வரைக்கும் போயிற்று. அம்மா கரண்டியைப் போட்டுச் சுரண்டி, பொருக்கை ஒரு சட்டியில் ஒளித்து மூடினாள். பெரியவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். வீட்டுக் காந்தலுக்கு மணம் உண்டு, மானக்கேடு இல்லை போலும்.

இலை போட்டாயிற்று. பாரசீகரைக் காணவில்லை. நரிக்குடிக்காரர் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து மூடினார். மாப்பிள்ளை இலையின் நுனியைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். "வந்துருவாண்ணே. வராம எங்க போவான்?" என்றார். அவன் வந்தாலும் வராவிட்டாலும் சோற்றைப் போட்டுவிடலாமா என்று அப்பா மெதுவாக இழுத்தார். அம்மா சோற்றுச் சட்டியைத் தூக்கினாள். கதவோரம் அக்காவின் வளையல்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அப்போது வாசல் இருண்டது. வந்தது பாரசீகர் இல்லை, அவர் மனைவி. தலையில் அதே வெள்ளைத் துணி. கையில் துணி போட்டு மூடிய தட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். காலியாக விட்டிருந்த நடு இடத்தில் கால் வைத்தாள், விழுவதற்கு அல்ல, கடந்து போவதற்கு. நரிக்குடிக்காரரைத் தாண்டி, பெரியவர்களைத் தாண்டி உள்ளறைக் கதவுக்குப் போனாள். தட்டின் துணியை எடுத்தாள். பொன்னிறமாக, உடையாமல், முழுச் சட்டியின் பொருக்கு. அதை அக்காவின் கையில் கொடுத்தாள்.

சித்தப்பா அதட்ட வாயைத் திறந்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி நின்று அப்பாவைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் பொண்ணுகிட்ட மூணு தடவ கேப்பாக" என்றாள். "அன்னிக்கு அடுப்படியில அழுதுச்சு. நான் கேட்டேன். மூணு தடவயும் வேண்டாம்னுச்சு. நீ எத்தன தடவ கேட்ட?"